ராத்திரி நீலம்

கறுப்பாக இருந்துவிட்டால் என்ன செய்வது. காலையிலிருந்து இதே கேள்விதான். விரட்டினால் ஈ மாதிரி எழுந்து ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மறுபடி அதே இடத்தில் வந்து உட்காருகிறது. எதிரே தலையில்லாத பொம்மையின் மேல் கோட்டு நிற்கிறது. நான் வெட்டிய கோட்டு. தோள் சுருக்கமில்லாமல் விழுந்திருக்கிறது, காலர் கழுத்தைக் கவ்வி உட்கார்ந்திருக்கிறது, பித்தான் துளைகளைக் கையால் தைத்திருக்கிறோம், எவனும் ஒரு குறை சொல்ல முடியாது. நிறம் மட்டும் எனக்குத் தெரியவில்லை. ஆண்களுக்கு உடை வடிவமைக்கிறவன் என்று பத்திரிகைகளில் முழுப்பக்கப் படத்தோடு வந்தவன், நுங்கம்பாக்கத்தில் தன் பெயரையே கடைக்கு வைத்துக்கொண்டிருக்கிற தாமோதரன், தன் கோட்டு நீலமா கறுப்பா என்று தெரியாமல் ஸ்டூலில் உட்கார்ந்து அதை முறைத்துக்கொண்டிருக்கிறான்.  இந்தக் கோட்டைப் போடப்போகிற மாப்பிள்ளையின் அம்மா, புஷ்பவல்லி அம்மாள், போன் செய்துவிட்டார். “கிண்டி தாண்டிட்டோம் தம்பி, ஒரே டிராபிக். அரை மணி நேரத்துல வந்துருவோம். கோட்டை மடிச்சு வைக்கச் சொல்லாதீங்க, நான் ஒரு தடவை பார்த்துடறேன்.” பார்த்துடறேன். அந்த ஒரு சொல்தான் என்னை இந்த ஸ்டூலில் ஆணி அடித்து வைத்திருக்கிறது. எங்கே வைத்துப் பார்ப்பார் என்று எனக்குத் தெரியும். இந்த விளக்குகளுக்குக் கீழே பார்க்க மாட்டார். கோட்டைக் கையில் எடுத்துக்கொண்டு நேராக வாசலுக்குப் போவார். துணிக்கடைக்குப் போன எந்தத் தமிழ்ப் பெண்மணி கடைக்குள் எரியும் விளக்கை நம்பியிருக்கிறாள். புடவையானாலும் ரவிக்கைத் துண்டானாலும் வெயிலில் விரித்துப் பார்த்தால்தான் அவர்களுக்கு நிறம். அதற்காகத்தானே நானும் இந்த வாசலை இவ்வளவு அகலமாகக் கட்டினேன். வெயில் மறைக்கிறது என்று மேலே போட்டிருந்த தகட்டைக்கூட எடுக்கச் சொன்னேன். என் கடைக்கு வாங்க, என் துணியை வெயிலில் பாருங்க, எனக்குப் பயமில்லை என்று நெஞ்சை நிமிர்த்திய ஆள் நான். இப்போது அந்த வாசலைத் திரும்பிப் பார்க்கவே பிடிக்கவில்லை.

பயமில்லாமல் இருந்ததற்குக் காரணம் இதே நீலம்தான். கல்யாணத்துக்குக் கறுப்பு ஆகாது. இந்த ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், படித்தவர்களும் கொஞ்சம் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொல்வார்கள். ஆனால் பையன்களுக்குக் கறுப்பு வேண்டும். ரிசப்ஷனில் கறுப்புக் கோட்டு போட்டு நின்றால்தான் ஆம்பிளை என்று அவர்களுக்கு யார் சொன்னார்களோ. என் கடை ஆரம்பித்த புதிதில் இந்தச் சண்டையைப் பார்க்காத நாள் கிடையாது. அம்மா ஒரு பக்கம் மூக்கை உறிஞ்சுவாள், பையன் ஒரு பக்கம் போனை நோண்டுவான், நடுவில் நான் இஞ்ச் டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு நிற்பேன். அப்போதுதான் நான் வளர்ந்த பொன்மலை ஞாபகம் வந்தது. ரயில்வே காலனியில் எங்கள் பக்கத்து வீட்டில் பிரவுன் மாமா என்று ஒரு ஆங்கிலோ இந்திய எஞ்சின் டிரைவர். வருஷமெல்லாம் கரிப்புகையில் கிடக்கிற மனுஷன், கிறிஸ்துமஸ் டான்ஸுக்கு ஒரு கோட்டுப் போட்டுக்கொண்டு ரயில்வே இன்ஸ்டிட்யூட் ஹாலுக்குப் போவார். விளக்கு வெளிச்சத்தில் அது மற்றவர்களுடைய கறுப்பைவிடக் கறுப்பாக இருக்கும். மறுநாள் காலை கொடியில் காயும்போது பார்த்தால் நீலம். ஆழக் கிணற்றை எட்டிப் பார்த்தால் தெரிகிற நீலம். அந்த நிறத்தைத் தேடி மில் மில்லாக அலைந்து, சாயம் போடச் சொல்லி, திருப்பி அனுப்பி, மறுபடி போடச் சொல்லித்தான் கொண்டுவந்தேன். கடையில் ராத்திரி நீலம் என்று பெயர் வைத்தோம். ஹாலில் பையனுக்குக் கறுப்பு, வாசலில் அம்மாவுக்கு நீலம். இரண்டு பேருக்கும் சந்தோஷம், இரண்டு பேரும் என்னைக் கெட்டிக்காரன் என்றார்கள். அத்தோடு கோட்டின் கைக்குழியைக் கொஞ்சம் உயர்த்தி, முதுகுக்குள் ஒரு மடிப்பை ஒளித்து வைத்தேன். மாப்பிள்ளை பெரியவர்கள் காலில் சாஷ்டாங்கமாக விழுந்து எழுந்தாலும் தையல் பிரியாது. வெள்ளைக்காரன் கோட்டுக்குக் காலில் விழத் தெரியாது, நான் கற்றுக்கொடுத்தேன் என்று ஒரு பேட்டியில் சொன்னேன், அதைக் கொட்டை எழுத்தில் போட்டார்கள். கட்சிக்காரர்களின் கஞ்சிபோட்ட வெள்ளைச் சட்டையிலிருந்து காலர் எடுத்தேன், துபாயிலிருந்து வந்தவர்களின் சட்டையிலிருந்து பாக்கெட் எடுத்தேன், இதெல்லாம் உங்களுக்கு எப்படித் தோன்றியது சார் என்று கேட்பார்கள். கண் இருக்கே, பார்க்கிறேன் என்பேன்.  கண் இருக்கே.

முதலில் காலுறையில்தான் தெரிந்தது. பொங்கலுக்கு முந்தின வாரம் என்று நினைக்கிறேன். இல்லை, அது போன தீபாவளி, ஒரு வருஷம் ஆகப் போகிறது, எத்தனை சுலபமாக இதைக் குறைத்துச் சொல்லிக்கொள்கிறேன். மங்கை சிரித்தாள். “ஒரு கால் கறுப்பு, ஒரு கால் நீலம். இதுதான் இந்த வருஷ ஃபேஷனா?” நானும் சிரித்தேன். என் மனைவி எதையும் இரண்டாவது தடவை யோசிக்கிறவள் இல்லை, அன்றைக்கு அதற்காகச் சந்தோஷப்பட்டேன். அவள் குளிக்கப் போனதும் இரண்டு காலுறைகளையும் ஜன்னலுக்குக் கொண்டுபோய்ப் பிடித்தேன். இரண்டும் ஒன்றாக இருந்தன. கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தேன், தள்ளிப் பிடித்துப் பார்த்தேன், ஒன்றாகவே இருந்தன. அதற்குப் பிறகு ஒவ்வொன்றையும் இடத்தை வைத்துத்தான் தெரிந்துகொண்டேன். கறுப்பு நூல் இடது டப்பா, நீல நூல் வலது டப்பா. கட்டிங் ரூமில் சன்னல் பக்கமிருந்து இரண்டாவது ரோல் ராத்திரி நீலம், அதற்கு அடுத்தது கறுப்பு. கறுப்பும் வாங்கி வைத்திருக்கிறோம், ஒரு ஹோட்டலின் வாசல் ஆட்களுக்காக, அதே மில், அதே கனம், அதே நெசவு, தொட்டுப் பார்த்தாலும் தெரியாது. பேர் எழுதின சீட்டு ரோலில் இருந்தால் இந்தக் கஷ்டம் இருக்காது. ஆனால் என் கடையில் ரோல் வந்ததும் சீட்டைக் கிழித்துப் போட்டுவிட வேண்டும். அது நான் வைத்த சட்டம். சீட்டைப் படித்து நிறம் தெரிந்துகொள்கிறவனுக்கு இங்கே வேலை இல்லை என்று சொல்லியிருக்கிறேன். எத்தனை திமிர். இந்த ஆயுத பூஜைக்கு அலமாரி எல்லாவற்றையும் இறக்கிக் கழுவித் துடைத்து, கத்தரிக்கும் மிஷினுக்கும் சந்தனம் வைத்து, ரோல்களை மறுபடி ஏற்றினார்கள். ஏற்றும்போது நான் அங்கே இல்லை. பழைய வரிசையில்தான் ஏற்றினார்களா. அந்த வாரமே இந்தக் கோட்டை வெட்டினேன். வெளியே மழை, கட்டிங் ரூமில் டியூப் லைட். சன்னல் பக்கமிருந்து இரண்டாவது ரோலை இழுத்து, மேஜையில் விரித்து, கத்தரியை வைத்துப் பாதி முதுகு வெட்டின பிறகுதான் ஆயுத பூஜை ஞாபகம் வந்தது. கை நின்றது. அப்புறம் வெட்டி முடித்தேன். ஏன் வெட்டி முடித்தேன்? கடையில் என்னோடு துணி வெட்டுகிற ஜபருல்லா பாய் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். கத்தரியைக் கீழே வைத்திருந்தால் என்ன சார் என்று கேட்டிருப்பார்.

இன்றைக்குக் காலையில் அவரையே கேட்டுவிட்டேன், சும்மா கேட்கிற மாதிரி. “பாய், இது என்ன கலர்?” அவர் சிரித்தார். “என்கிட்டயேவா சார்? நம்ம நீலம்தான்.” கோட்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்துச் சொன்னார். தப்பு அவருடையது இல்லை. இருபது வருஷமாக ஒரு துண்டுத் துணியைத் தூக்கிக் காட்டி இது என்ன என்று கேட்டு, கறுப்பு என்று சொன்னவனையெல்லாம் நல்லா பாருய்யா என்று சிரித்து அசிங்கப்படுத்தியிருக்கிறேன். அதனால் என் கடையில் நான் எதைக் காட்டிக் கேட்டாலும் நீலம்தான். சிவப்பைக் காட்டினாலும் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு நீலமா சார் என்பார்கள். யாரும் வருவதற்கு முன்னால் இரண்டு ரோலையும் வாசலுக்குத் தூக்கிக்கொண்டு போய் வெயிலில் வைத்துப் பார்த்தேன். முதுகு பிடித்துக்கொண்டது, அதுதான் மிச்சம். இரண்டும் ஒரே இருட்டு. போனில் படம் எடுத்தேன், அந்தப் படத்தையும் இதே கண்ணால்தானே பார்க்க வேண்டும். மங்கைக்கு அனுப்பலாம் என்று பெயரைத் தொடப் போய்க் கையை இழுத்துக்கொண்டேன். ஏன் கேட்கறீங்க என்பாள். ட்ரையலுக்கு வந்தபோது மாப்பிள்ளைப் பையன் நிரஞ்சன் கண்ணாடி முன் நின்று “செம பிளாக் சார்” என்றான். எல்லா மாப்பிள்ளையும் அப்படித்தான் சொல்வான், அப்படிச் சொல்ல வைக்கத்தானே இந்த நிறத்தையே கண்டுபிடித்தேன். அவன் சொன்னதிலிருந்து எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனாலும் அந்தச் செம என்ற சொல்லில் கொஞ்சம் அதிகமாக அழுத்தம் இருந்ததோ. இருந்தது. இல்லை, நானாகச் சேர்த்துக்கொள்கிறேன். வேறு மாப்பிள்ளையாக இருந்தால் போகிறது என்று விட்டிருப்பேன், கறுப்பே போட்டாலும் ஒருத்தன் செத்துவிடப் போவதில்லை என்று நினைத்திருப்பேன். நினைக்கக்கூடாத வார்த்தையை நினைத்துவிட்டேன். நாக்கைக் கடித்துக்கொண்டேன், நினைத்ததற்கு நாக்கைக் கடித்து என்ன பிரயோஜனம்.

ஆவணியில் இதே ஸ்டூலில்தான் புஷ்பவல்லி அம்மாள் உட்கார்ந்திருந்தார். பையனைக் காரை எடுத்துவரச் சொல்லி அனுப்பிவிட்டு, கைப்பையின் பிடியைத் திருகிக்கொண்டே பேசினார். “பெரியவனுக்கு ரிசப்ஷன்ல கறுப்புக் கோட்டுதான் போட்டோம் தம்பி. வேற கடை. வேண்டாம்டான்னு சொன்னேன், கேக்கலை. வருஷம் திரும்பறதுக்குள்ள பைக்கோட போயிட்டான்.” கைப்பையின் பிடியை விட்டுவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். “கோட்டாலயா போனான்? எனக்கும் புரியுது. நான் டீச்சரா இருந்தவ, மூடநம்பிக்கைன்னு நானே பாடம் நடத்தியிருக்கேன். ஆனா இவன் மேல கறுப்பு ஏறக்கூடாது. அவன்கிட்ட இதைச் சொல்ல முடியாது, பயந்துருவான். உங்க நீலம் அவன் கண்ணுக்குக் கறுப்பாத் தெரியுமாமே. அதான் உங்ககிட்ட வந்தேன்.” என் கையாலயே வெட்டறேம்மா என்று சொன்னேன். நானாகச் சொன்னேன், அவர் கேட்கவில்லை. ஜபருல்லா பாய் வெட்டியிருந்தால் இன்றைக்கு இந்த ஸ்டூலில் இப்படி உட்கார்ந்திருக்க மாட்டேன். எனக்கு இந்த நம்பிக்கையெல்லாம் கிடையாது. கிடையாது என்றுதான் இவ்வளவு நாள் நினைத்தேன். கத்தரி பாதி முதுகில் நின்றதே, அதிலிருந்து ராத்திரி படுத்தால் ஒரு பைக்கின் சத்தம் தெருமுனை வரைக்கும் போகிறது, தேய்கிறது, தேய்ந்து முடிகிற வரைக்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடக்கிறேன். அந்தப் பையனுக்குக் கோட்டே இல்லாமல் ஏதாவது ஆனாலும் நான் இந்தக் கறுப்பைத்தான் நினைப்பேன். அந்த அம்மாளும் நினைப்பார்.

டாக்டரிடம் போயிருக்கலாம். போனால் சொல்லிவிடுவாரே. அப்பாவுக்குச் சொன்னார்கள், கண்ணுக்குள் அழுத்தம், முன்னாலேயே வந்திருக்கணும் என்று. அப்பா டிக்கெட் பரிசோதகர். அவரும் கறுப்புக் கோட்டுதான். வெயிலில் வெளுத்து, முதுகு பழுப்பேறி, அக்குளில் வெள்ளைக் கோடுகள் போட்ட கறுப்பு. அதைப் போட்டுக்கொண்டு அவர் பெட்டிக்குள் ஏறினால் டிக்கெட் வாங்கினவனும் ஒரு நிமிஷம் பையைத் தடவுவான், ஒரு கோட்டு மனுஷனுக்கு என்ன செய்யும் என்று நான் முதலில் பார்த்தது அங்கேதான். விழுப்புரம் பாசஞ்சரில் ஒரு தடவை என்னையும் கூட்டிக்கொண்டு போனார். எதிர் சீட்டில் ஒரு பெரியவர் டிக்கெட்டை நீட்டினார். அப்பா வாங்கினார். தலைகீழாகப் பிடித்திருந்தார். அப்படியே வைத்துக்கொண்டு, புருவத்தைச் சுருக்கி, மேலிருந்து கீழாகப் படிப்பது போலத் தலையை அசைத்து, “சரி” என்றார். திருப்பிக் கொடுத்தார். அடுத்த ஆளிடம் போனார். அங்கேயும் சரி. பெட்டி முழுக்க சரி, சரி என்று சொல்லிக்கொண்டே போனார். பெரியவர் டிக்கெட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அந்தச் சரி என்ற குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. அதுதான் இத்தனை வருஷம் கழித்தும் எனக்குப் பயமாக இருக்கிறது. அவ்வளவு அழகாகச் சொன்னார். எத்தனை நாள் அப்படிச் சொல்லிக்கொண்டு திரிந்தாரோ, யாருக்கும் தெரியாது. எனக்கும் அந்தக் குரல் வரும். காலையில் ஒருத்தருக்கு ஒரு துணியைக் காட்டி, இது உங்க நிறத்துக்கு எடுப்பா இருக்கும் என்று சொன்னேன், அவர் மகிழ்ந்து போய்விட்டார்.

கார் கதவு சாத்துகிற சத்தம். வந்துவிட்டார்கள். எழுந்தேன். நிரஞ்சன் முதலில் வந்தான், “ஹாய் சார்” என்றபடி பொம்மையைச் சுற்றிவந்தான். பின்னால் புஷ்பவல்லி அம்மாள், நெற்றியில் வியர்வை, கையில் கல்யாணப் பத்திரிகை வைத்த தட்டு. முறையாக எனக்குப் பத்திரிகை வைத்தார், அவசியம் குடும்பத்தோட வரணும் தம்பி என்றார், வரேம்மா என்றேன். தட்டை வைத்த கையோடு பொம்மையிலிருந்து கோட்டைக் கழற்றினார். எவ்வளவு பக்குவமாகக் கழற்றினார், தூங்குகிற குழந்தையின் கையிலிருந்து சட்டையை உருவுகிற மாதிரி. வாசலுக்குப் போனார். நான் பின்னால் போனேன். வெயில் நேராக விழுந்தது. “அம்மா, உள்ளயே பார்க்கலாம்ல, இதுல என்ன இருக்கு” என்றான் பையன். அவர் கோட்டின் முன்பக்கத்தை வெயிலுக்குத் திருப்பினார், சட்டென்று உள்பக்கம் பார்த்தார், மறுபடி முன்பக்கம்.  அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு பையனைப் பார்த்து, “நிரஞ்சா, கார்ல தண்ணி பாட்டில் இருக்கு, எடுத்துட்டு வா” என்றார். அவன் இறங்கிப் போனதும் கோட்டை என்னிடம் நீட்டினார். “நீங்க பார்த்துச் சொல்லுங்க தம்பி. நீங்க சொன்னாப் போதும்.”

கையில் வாங்கினேன். வெயில் பட்டுத் துணி சூடாக இருந்தது. பார்த்தேன். இருட்டு, அவ்வளவுதான், வெயிலுக்கு நடுவில் ஒரு இருட்டு. புருவம் தானாகச் சுருங்கியது. தலை தானாக மேலிருந்து கீழாக அசைந்தது. சரி என்கிற சொல் தொண்டைக்கு வந்துவிட்டது, நடுக்கமில்லாமல், அப்பாவின் குரலிலேயே வந்துவிட்டது. வாயைத் திறந்தேன். “எனக்குத் தெரியலைம்மா” என்றேன். என் குரல்தான், ஆனால் கிழிந்துபோய் வந்தது. “என்ன தம்பி?” “நீலமா கறுப்பான்னு எனக்குத் தெரியலை. கண்ணு தெரியலை.” சொல்லிவிட்டேன், இனிமேல் கடை இல்லை, பேர் இல்லை, தெருவில் ஆட்டோ போகிறது, எதிர்க்கடைக்காரர் பார்க்கிறார், கோட்டைக் கீழே போட்டுவிடுவேனோ என்று பயமாக இருந்தது. அந்த அம்மாள் கோட்டை என் கையிலிருந்து மெல்ல வாங்கிக்கொண்டார். “எவ்வளவு நாளா?” “ஒரு வருஷமா.” “யாருக்கும் சொல்லலையா?” இல்லை என்று தலையை ஆட்டினேன். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். “எனக்கும் போன வருஷம் இப்படித்தான். கத்தரிக்காயெல்லாம் கறுப்பாத் தெரிஞ்சுது. பயந்துக்கிட்டே கிடந்தேன். அப்புறம் ஆபரேஷன் பண்ணிக்கிட்டேன்.” அவருக்கு வந்ததுதான் எனக்குமா, அப்பாவுக்கு வந்ததா, தெரியாது. கேட்கவும் தைரியமில்லை. கோட்டைப் பற்றித்தான் கேட்டேன். “அது என்ன நிறம்மா?” “கறுப்பு” என்றார், சாதாரணமாக. “வெயில்ல திருப்பினதுமே தெரிஞ்சுது. ஆனா நீங்க நீலம்னு சொல்லியிருந்தீங்கன்னா, என் கண்ணுலதான் கோளாறுன்னு நினைச்சிருப்பேன். எடுத்துட்டுப் போயி அவனுக்குப் போட்டு விட்டிருப்பேன் தம்பி.”

நிரஞ்சன் தண்ணீர் பாட்டிலோடு படியேறி வந்தான். என்னம்மா ஆச்சு என்றான். “தோள் கொஞ்சம் சரியில்லையாம். வேற வெட்டித் தரேன்னு சொல்றார்” என்றார் அந்த அம்மாள், கோட்டை மடித்துக் கையில் போட்டுக்கொண்டு. தோள் சரியாகத்தான் இருந்தது. பாட்டிலை வாங்கி முதலில் என்னிடம் கொடுத்தார். குடித்தேன், பாதி சட்டையில் கொட்டியது. உள்ளே திரும்பி, “பாய், ரெண்டு ரோலையும் வாசலுக்கு எடுத்துட்டு வாங்க” என்று கூப்பிட்டேன். ஜபருல்லா பாய் ஒவ்வொரு தோளிலும் ஒன்றாகத் தூக்கிக்கொண்டு வந்து வெயிலில் இறக்கினார். “எது நம்ம நீலம்?” என்றேன். அவர் சிரித்தார். “என்கிட்டயேவா சார்?” “சோதனை இல்லை பாய். எனக்குத் தெரியலை. நீங்கதான் வெட்டணும், பார்த்துச் சொல்லுங்க.” பாயின் சிரிப்பு நின்றது. இந்தத் தடவை என் முகத்தைப் பார்க்காமல் குனிந்து துணியைப் பார்த்தார்.